அம்மாவின் கல்லீரல் கட்டிக்கு மைக்ரோவேவ் சிகிச்சை: சூடு எங்கே ஏறும், எங்கே ஏறாது என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

மணலி_வெப்பம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது தண்டையார்பேட்டை, வேலை மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிசைன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. நாலு வருஷமாக சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய்) இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தோம். இந்த முறை கல்லீரலின் வலது பக்கம் 2.6 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிந்தது. கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்துப் பார்த்துவிட்டு கேன்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள். வெட்டி எடுத்தால் மீதிக் கல்லீரல் தாங்காது, அதனால் ஊசி போல ஒரு ஆன்டெனாவை உள்ளே செலுத்தி மைக்ரோவேவ் சூட்டில் கட்டியை வேகவைத்துவிடலாம் என்றார் டாக்டர். 3 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்றும் சொன்னார். அதுவரை கொஞ்சம் தெம்பாக இருந்தது. அப்புறம் ஓ.பி. சீட்டைத் திருப்பிப் போட்டு பேனாவால் ஒரு வட்டம் வரைந்தார், அந்த வட்டத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி ஒரு தடித்த கோடு இழுத்தார். "இது ரத்தக்குழாய், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயினின் கிளை, 5 மி.மீ. இருக்கும். ஓடுகிற ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போகும், இந்தப் பக்கம் மட்டும் சரியாக வேகாமல் போக வாய்ப்பு உண்டு. பார்த்துத்தான் செய்வோம்" என்றார்.

அந்தச் சீட்டு இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆறு வருஷமாக நான் சம்பளம் வாங்குவதே, குழாயில் ஓடுகிற திரவம் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொண்டு போகும் என்று கணக்குப் போடுவதற்காகத்தான். அதே கணக்கு அம்மாவின் வயிற்றுக்குள் நடக்கப் போகிறது என்று கேட்டபோது கை சும்மா இருக்கவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து பார்த்தேன். ரத்த வேகம் நொடிக்கு 15 செ.மீ. என்று வைத்தால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சுழல்கிறதா, அமைதியா என்று சொல்லும் எண்) 230 பக்கம் வருகிறது, சுழலே இல்லாத அமைதியான லாமினார் ஓட்டம்தான். ஓட்டம் சுவரிலிருந்து எவ்வளவு நன்றாகச் சூட்டை வாங்கும் என்று சொல்லும் நுசெல்ட் எண்ணை 4 என்று எடுத்தால் குழாய்ச் சுவரில் வெப்பப் பரிமாற்றக் குணகம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 400 வாட். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு எண்: அந்த ஒரு குழாயில் போகிற ரத்தத்தை 1 டிகிரி சூடாக்கவே 11 வாட் வேண்டும். ஆன்டெனா கொடுப்பது 60, 100 வாட் என்றார்கள். அப்படியானால் அந்த ரத்தம் ஏறக்குறைய 37 டிகிரியிலேயே போய்க்கொண்டிருக்கும், அதை ஒட்டியிருக்கிற கட்டியின் விளிம்பு?

ஸ்கேன் டிஸ்க் கையில் இருக்கிறது. ஸ்கேன் படங்களை முப்பரிமாணமாக்கும் 3டி ஸ்லைசர் மென்பொருளை இறக்கி, கட்டியையும் குழாயையும் தனித்தனியாக வரைந்து வைத்துவிட்டேன். வெப்பக் கணக்குப் போடும் எல்மர் மென்பொருளில் ஏற்றி ஓட்டலாம் என்று இருக்கிறேன். பென்ஸ் சமன்பாடு என்று ஒன்றை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நான் கேட்பது இதுதான்: இந்த மாதிரிக் கணக்கு சிகிச்சையில் உண்மையாகவே பயன்படுகிறதா? நான் போட்டதை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? இன்னொன்று, எங்கள் மாமா 42 டிகிரி சூட்டிலேயே கேன்சர் போய்விடும், ஊசியே வேண்டாம் என்று யாரோ சொன்னதாகச் சொல்கிறார். அதுவும் இதுவும் ஒன்றா?

---

பெரம்பூர்_பயோமெட் எழுதியது:

தம்பி, அம்மா சீக்கிரம் குணமாகட்டும். நான் எம்.இ. படித்தபோது இரண்டு வருஷம் இதே வேலையில்தான் இருந்தேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உன் 11 வாட் கணக்கு சரி. அந்த ஒரு எண்ணிலேயே விஷயத்தின் பாதி வந்துவிட்டது. மீதிப் பாதி, பெரிய குழாய் இல்லாத இடத்திலும் கல்லீரல் முழுக்க ஊறிக்கொண்டிருக்கிற ரத்தம். ஹாரி பென்ஸ் 1948இல் மனித முன்கையில் வெப்பநிலையை அளந்து ஒரு சமன்பாடு எழுதினார். சாதாரண வெப்பக் கடத்தல் சமன்பாடுதான், அதோடு ஒரு உறுப்பைச் சேர்த்தார்: திசு ரத்தத்தைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கிறதோ அந்த அளவுக்கு ரத்தம் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். ரத்தம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதில் திசையே கிடையாது. ஈரத்துணி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூட்டைக் குடிப்பது போல வைத்துக்கொள். சிறு நாளங்களுக்கு அது போதும். உன் அம்மாவுக்கு இருக்கிற மாதிரி 3 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள குழாய் பக்கத்தில் இருந்தால் போதாது, அந்தக் குழாயைத் தனியாக வரைந்து சுவரில் உன் 400ஐக் கொடுக்க வேண்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆளாக இருப்பதால் இதை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊறுகிற ரத்தம் எவ்வளவு வலுவானது என்று பார். ஒரு கிலோ கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள். வெப்பக் கடத்துதிறன் 0.5 பக்கம். இரண்டையும் போட்டு, சூடு எவ்வளவு தூரம் பரவும் என்கிற நீளத்தைக் கண்டுபிடித்தால் சுமார் 3 மி.மீ. வரும். அதாவது ஆன்டெனா நேரடியாகச் சூடாக்கும் எல்லையைத் தாண்டினால், ஒவ்வொரு 3 மி.மீ.க்கும் மீதிச் சூடு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சிகிச்சையில் கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. நல்ல திசுவையும் சேர்த்து வேகவைக்கப் பார்க்கிறார்கள். அந்த மார்ஜினே இரண்டு மூன்று மடங்கு தூரம்தான். எவ்வளவு நெருக்கடியான இடத்தில் வேலை செய்கிறார்கள் என்று புரிகிறதா?

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புளியந்தோப்பில் காலையில் போய் மாட்டு ஈரல் வாங்கி வருவோம், ஆட்டு ஈரல் அளவு பத்தாது. வெதுவெதுப்பான நீரில் உறையோடு வைத்து 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, 2.45 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவைச் செருகி பத்து நிமிடம் ஓட்டுவோம். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பிலும் இதே அலைதான். அப்புறம் கத்தியால் நீளவாக்கில் பிளந்தால் நடுவில் ஊசி போன தடம் கரியாக இருக்கும், அதைச் சுற்றி வெளிறிய சாம்பல் நிறத்தில் முட்டை வடிவம், அதற்கு வெளியே பச்சை ஈரலின் கருஞ்சிவப்பு. ஸ்கேல் வைத்து அளந்தால் கம்பெனி அட்டவணையில் போட்டிருக்கிற அளவு ஏறக்குறைய அப்படியே வரும். ஏன் வராது, அந்த அட்டவணைகளில் பெரும்பாலானவை இதே மாதிரி ரத்தமே ஓடாத ஈரலில் அளந்து எழுதியவைதானே.

ஒருநாள் கொளத்தூரில் மீன் தொட்டிக்கு வைக்கிற சின்ன பம்ப் ஒன்று வாங்கி வந்தோம். 5 மி.மீ. கண்ணாடிக் குழாயை ஊசியிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி ஈரலுக்குள் நுழைத்து, 37 டிகிரித் தண்ணீரை அதில் ஓடவிட்டு, அதே வாட், அதே பத்து நிமிடம். பிளந்து பார்த்தால் முட்டையில் ஒரு பக்கம் குழாய்க்கு நேராகக் குழி விழுந்திருந்தது, கட்டைவிரலால் அமுக்கின மாவு மாதிரி. குழாயைச் சுற்றி மெல்லிய ஒரு சிவப்பு வளையம், அது வேகவே இல்லை. எங்கள் மாடல் குழியைச் சரியான இடத்தில்தான் காட்டியது, ஆழம் மட்டும் ஒரு மி.மீ. முன்னே பின்னே. அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்த பிறகு இந்த விஷயத்தை என்னால் வெறும் பாடமாக நினைக்க முடியவில்லை. உன் டாக்டர் சீட்டில் வரைந்து காட்டியது அதைத்தான்.

அதனால் உன் முதல் கேள்விக்கு என் பதில்: பயன்படும், ஆனால் எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று அதனிடம் கேட்காதே. எந்த மூலை வேகாமல் தப்பிக்கப் பார்க்கிறது என்று கேள், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். சிரோசிஸ் கல்லீரலில் ரத்த ஓட்டம் ஆளுக்கு ஆள் மாறும், உன் அம்மாவுக்கு எவ்வளவு என்று சி.டி.யிலிருந்து துல்லியமாக எடுக்க வராது. ஆகவே ஒரே கணக்கை மூன்று தடவை ஓட்டு: நூலில் போட்ட ரத்த ஓட்டம், அதில் பாதி, அதில் இரண்டு மடங்கு. மூன்றிலும் விளிம்பு அசையாமல் நிற்கிற பக்கத்தை விட்டுவிடு. எந்தப் பக்கம் முன்னும் பின்னும் ஆடுகிறதோ அங்கேதான் கவலைப்பட வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம் மறக்காதே. 100 டிகிரியை நெருங்கினால் திசுவில் உள்ள தண்ணீர் ஆவியாகும், காய்ந்த திசுவில் மின்கடத்துதிறனே மாறிவிடும், திசு சுருங்கவும் செய்யும். முதல் நிமிடத்து எண்களை வைத்து பத்தாவது நிமிடத்தையும் ஓட்டினால் விடை தப்பு. மற்றது, வெப்பநிலையைச் சோதிக்கத் தெர்மோகப்பிள் (உலோகக் கம்பியாலான வெப்பமானி) வைக்கலாம் என்று யோசிப்பாய், மைக்ரோவேவ் போகும் இடத்தில் அந்த உலோகக் கம்பியே சூடாகிப் பொய் சொல்லும். ஃபைபர் ஆப்டிக் சென்சார்தான் வைப்பார்கள். நாங்கள் முதல் மாதம் முழுக்க இதில் ஏமாந்தோம்.

---

சிடி_அறை_டெக்னீஷியன் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. கல்லீரல் ஒரு இடத்தில் நிற்காது. மூச்சு இழுத்து விடும்போது ஒரு செ.மீ., இரண்டு செ.மீ. மேலும் கீழும் போகும். நீங்கள் டிஸ்க்கில் வைத்திருப்பது ஏதோ ஒரு மூச்சில் எடுத்த படம். அனஸ்தீசியா கொடுத்துப் படுக்கவைத்து, சில சமயம் பக்கவாட்டில் திருப்பி, ஊசி போட்ட பிறகு எடுக்கும் படத்தில் எல்லாம் கொஞ்சம் தள்ளியிருக்கும். ஊசி 4 மி.மீ. விலகினால் உங்கள் கணக்கில் உள்ள நுணுக்கமெல்லாம் அடிபட்டுப் போகும். கணக்கில் ஊசியை நீங்கள் நினைத்த இடத்தில் மட்டும் வைக்காமல் அதைச் சுற்றி நாலு பக்கமும் 4 மி.மீ. தள்ளித் தள்ளி வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் பழைய டிஸ்க்கைப் பத்திரமாக வையுங்கள். சிகிச்சை முடிந்து எடுக்கும் படத்தை இதன் மேல் பொருத்திப் பார்த்தால்தான் மார்ஜின் எந்தப் பக்கம் எவ்வளவு கிடைத்தது என்று தெரியும். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்க்கைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

---

கதிர்_இயற்பியல் எழுதியது:

மாமா சொன்னதற்கு நான் பதில் சொல்கிறேன், கதிர்வீச்சுத் துறையில் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் வேலை.

இரண்டும் சூடுதான், ஆனால் ஒன்றல்ல. உங்கள் அம்மாவுக்குச் செய்யப் போவது 60 டிகிரிக்கு மேல் ஏற்றி அந்த இடத்திலேயே செல்லைக் கொல்வது. 42 டிகிரி என்பது ஹைப்பர்தெர்மியா, 40இலிருந்து 43 வரை கொண்டுபோய் ஒரு மணி நேரம் அங்கேயே பிடித்து வைப்பது. அந்தச் சூடு தனியாகக் கட்டியை அழித்துவிடும் என்று யாரும் கொடுப்பதில்லை. கதிர்வீச்சோடும் கீமோவோடும் சேர்த்துக் கொடுப்பார்கள், சூடேறிய செல் கதிர்வீச்சில் அடைந்த சேதத்தைச் சரிசெய்துகொள்ளத் திணறும். நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வு 2000இல் லான்செட்டில் வந்தது, முற்றிய கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 3 வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 27 சதவீதம், சூட்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவீதம். பின்னால் நடந்த எல்லா ஆய்விலும் இதே பலன் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியிருந்தாலும் "ஊசி வேண்டாம், 42 டிகிரி போதும்" என்பதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 2.6 செ.மீ. கட்டி 3 செ.மீ.யைத் தாண்டினால் கையில் இருக்கும் வாய்ப்பு குறையும். மாமாவுக்கு நல்ல மனசுதான், ஆனால் இதில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சூட்டையும் நேரத்தையும் ஒரே அளவுகோலில் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது, உங்கள் மாடலுக்கும் உதவும். 1984இல் சப்பாரெட்டோவும் டூவியும் சொன்னது: எந்தச் சூடாக இருந்தாலும் 43 டிகிரியில் எத்தனை நிமிடத்துக்குச் சமம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 43க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவையான நேரம் பாதியாகும், 43க்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் நாலு மடங்காகும். 43இல் 60 நிமிடம் என்பது 45இல் 15 நிமிடம், 50இல் அரை நிமிடம்கூட இல்லை, ஆனால் 42இல் நாலு மணி நேரம். இதிலிருந்தே பாருங்கள், விளிம்பில் ஒரே ஒரு டிகிரி குறைந்தால் எவ்வளவு இழக்கிறோம் என்று. அப்லேஷன் (உங்கள் அம்மாவுக்குச் செய்யப் போகிற, சூட்டில் கட்டியைக் கொல்லும் சிகிச்சை) மாதிரி வேகமான சூட்டுக்கு, சூட்டையும் நேரத்தையும் வைத்துத் திசு எவ்வளவு சேதமாகும் என்று சொல்லும் அர்ரேனியஸ் கணக்கு இன்னும் பொருத்தம், அது 1947இல் பன்றித் தோலில் தீக்காயத்தை ஆராய்ந்த ஹென்ரிக்ஸ், மோரிட்ஸ் காலத்திலிருந்தே வருவது. நீங்கள் வெறும் 60 டிகிரிக் கோட்டை வரைந்துவிட்டு நிறுத்தாமல் இதையும் போடுங்கள், குழாய்ப் பக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

கணினித் திட்டமிடல் உண்மையிலேயே இல்லாமல் முடியாது என்கிற இடம் இந்த ஹைப்பர்தெர்மியாதான். இடுப்பைச் சுற்றி வளையமாக ஆன்டெனாக்கள் இருக்கும், 70இலிருந்து 120 மெகாஹெர்ட்ஸ் வரை, நடுவில் தண்ணீர்ப் பை. ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் எவ்வளவு சக்தி, எந்தக் கட்டத்தில் அலை கிளம்ப வேண்டும் என்று அமைத்து, எல்லா அலையும் கட்டியில் வந்து ஒன்றுகூடும்படி செய்ய வேண்டும். எட்டு ஆன்டெனா இருந்தால் எட்டு சக்தி, எட்டு கட்டம், கையால் திருகிப் பிடிக்கிற விஷயமா? தசையும் கொழுப்பும் எலும்பும் அந்த அலைக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, தசை நன்றாகக் கடத்தும், கொழுப்பு கடத்தாது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் வேண்டாத சூடு குவியும். சி.டி.யில் ஒவ்வொரு திசுவையும் பிரித்து, லட்சக்கணக்கான சின்னக் கனசதுரங்களாக்கி, மின்காந்த அலை எப்படிப் பரவும் என்று சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாட்டைத் தீர்த்து, அப்புறம் பென்ஸைத் தீர்த்து, இந்த நோயாளிக்குத் தொடையிடுக்கில் சுடும், இவருக்கு முதுகுத்தண்டுப் பக்கம் சுடும் என்று முன்னமே பார்த்து வைப்பார்கள். சிகிச்சையின்போது நோயாளி "இங்கே சுடுது" என்று சொன்ன இடத்தைக் கணினியில் குறித்து, அந்த இடத்தைத் தணித்துக் கட்டியை விடாமல் பிடிக்கிற அமைப்பை மறுபடி தேடுவார்கள். நோயாளியின் வாய்ச்சொல் நேராகக் கணக்குக்குள் போகிற இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

---

காசிமேடு_செல்வி எழுதியது:

தம்பி, கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு இதே சிகிச்சை போன வருஷம் செய்தார்கள், அதனால் எழுதுகிறேன். அவருக்கும் குழாய்ப் பக்கத்தில்தான் இருந்தது.

நாங்கள் ஐஸ் வியாபாரம். டாக்டர் ரத்த ஓட்டம் சூட்டை இழுக்கும் என்று சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நின்ற தண்ணீரில் கிடக்கிற ஐஸ் கட்டி ரொம்ப நேரம் தாங்கும், குழாயைத் திறந்துவிட்டு அதே ஐஸை ஓடுகிற தண்ணீரில் காட்டினால் தண்ணீர் படுகிற பக்கம் மட்டும் பள்ளமாகக் கரைந்துவிடும், இங்கே பெட்டி கழுவும்போது தினமும் பார்க்கிறதுதான். அது மாதிரிதானே சார் என்று கேட்டார், டாக்டரே சிரித்துவிட்டு ஆமாம் என்றார்.

முதல் தடவை செய்து ஒரு மாதம் கழித்து கான்ட்ராஸ்ட் ஸ்கேன். வெந்த இடம் முழுக்கக் கறுப்பாக இருந்தது, குழாய் ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி மெல்லியதாக ஒரு வெளிச்சம், அங்கே கட்டி வேகாமல் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். டாக்டர் சொன்னார், இது எதிர்பார்த்த இடம்தான் அம்மா, எங்கே தேட வேண்டும் என்று தெரிந்து தேடியதால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம் என்று. இரண்டாவது தடவை அந்த ஓரத்தில் மட்டும் ஊசி போட்டார்கள். இப்போது மூன்று ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது, விடியற்காலை மறுபடி மீன் ஏலத்துக்குப் போகிறார்.

அதனால் முதல் ஸ்கேனில் ஏதாவது மிச்சம் என்று சொன்னால் நெஞ்சு உடைந்து போகாதே. அம்மாவிடமும் முன்னாடியே சொல்லி வை, ஒரே தடவையில் முடியாமலும் போகலாம் என்று. எங்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது. அப்புறம் செய்த அன்றும் மறுநாளும் காய்ச்சல் வந்தது, தோள்பட்டை வலித்தது, நர்ஸிடம் கேட்டோம், பயப்பட வேண்டாம் என்றார்கள். கஞ்சி நீராகக் கொடுத்தோம்.

---

மணலி_வெப்பம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா, உங்கள் பதிலை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஐஸ் கதையைக் கேட்டுவிட்டு, "இரண்டு தடவை ஆனால் ஆகட்டும்" என்று அவர்களே சொன்னார்கள். பத்து நாளாக நான் சொல்லத் தயங்கியதை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

பெரம்பூர் அண்ணா சொன்ன மாதிரி ரத்த ஓட்டத்தை மூன்று விதமாக வைத்து ஓட்டினேன், டெக்னீஷியன் அண்ணன் சொன்னபடி ஊசியையும் நாலு பக்கம் நகர்த்தினேன். மொத்தம் பதினைந்து ஓட்டம், என் பழைய லேப்டாப் இரண்டு ராத்திரி இரைந்துகொண்டே இருந்தது. பதினைந்திலும் கட்டியின் முன்பக்கம், மேல்பக்கம் எல்லாம் நன்றாக வெந்துவிடுகிறது. குழாய்ப் பக்கம் மட்டும் ஆறு ஓட்டத்தில் ஓரம் தப்பிக்கிறது. ஊசியைக் குழாய்ப் பக்கம் 4 மி.மீ. தள்ளி வைத்தால் அந்த ஓரம் வெந்துவிடுகிறது, ஆனால் எதிர்ப்பக்க மார்ஜின் 5 மி.மீ.க்குக் கீழே போகிறது. ஒரு ஊசியை வைத்து இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்த முடியவில்லை.

இதை எப்படிக் காட்டுவது என்றுதான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருபது பக்க ரிப்போர்ட் போட்டுக்கொண்டு போனால் ஓ.பி. கூட்டத்தில் அவர் எப்போது படிப்பார்? வெளியே அறுபது டோக்கன் காத்திருக்கும்.

---

பெரம்பூர்_பயோமெட் எழுதியது:

ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு போ. கட்டி, குழாய், வேகாமல் நிற்கும் ஓரம், மூன்றும் தெரிகிற ஒரு வெட்டு. "இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லாதே. "நீங்கள் சீட்டில் வரைந்ததைத்தான் கணக்கில் போட்டுப் பார்த்தேன் சார், இந்த ஓரத்துக்கு என்ன யோசித்திருக்கிறீர்கள்" என்று கேள். அவர்களிடம் வழிகள் இருக்கின்றன: இரண்டு ஊசி போடுவது, ஒரே ஊசியை இழுத்து வேறு கோணத்தில் மறுபடி ஓட்டுவது, முன்கூட்டியே கட்டிக்குப் போகும் தமனியை அடைத்துவிட்டு அப்புறம் சூடு கொடுப்பது, குழாய் ஓரத்துக்கு மட்டும் ஆல்கஹால் ஊசி. இதில் எது அம்மாவுக்குப் பொருந்தும் என்பது பித்தநாளம் எங்கே போகிறது, ரத்தம் உறையும் தன்மை எப்படி என்பதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது. பித்தநாளத்துக்குள் ரத்தம் மாதிரி வேகமான ஓட்டம் கிடையாது, அதனால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது, சூடு பட்டால் சுருங்கிவிடும். ரத்தக்குழாய்ச் சுவரைக் காப்பாற்றுவதே அந்த ஓட்டம்தான் என்பதையும் நினைவில் வை, அது எதிரி மட்டுமில்லை. உன் மாடலில் பித்தநாளத்தை வரைந்தாயா? சாதாரண சி.டி.யில் சரியாகத் தெரிந்திருக்காது. அதனால்தான் கடைசி முடிவு அவர் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

---

மணலி_வெப்பம் எழுதியது:

நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். படத்தை நீட்டியதும் டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் தன் கணினியில் அம்மாவின் சி.டி.யைத் திறந்து அதே வெட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊசியை எந்த வழியாக விட முடியும், விலா எலும்பு எங்கே மறிக்கும் என்று விரலால் காட்டினார். நான் கணக்கில் வைத்த பாதை விலா எலும்பு வழியாகப் போகிறது, அது எனக்குத் தோன்றவே இல்லை. பித்தநாளம் பற்றிக் கேட்டேன், அது குழாயோடு ஒட்டித்தான் போகிறது, அதனால் நடுவில் சக்தியைக் கூட்டி நீளமாக ஓட்டுவதைவிட, குழாய்க்கு இணையாக ஒரு ஊசி, எதிர்ப்பக்கம் ஒரு ஊசி, இரண்டையும் மிதமாக ஓட்டுவது என்று முன்னமே யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு ஊசியையும் விலா எலும்புக்கு இடையில் விட்டு ஓட்டினேன். பதினைந்தில் பதினான்கில் ஓரம் வெந்துவிடுகிறது. மீதி ஒன்று, ரத்த ஓட்டம் இரண்டு மடங்கு, ஊசியும் விலகினது.

வருகிற செவ்வாய்க்கிழமை அட்மிஷன், புதன் காலையில் செய்கிறார்கள். ஒரு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் அந்த ஓரத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லி டாக்டரே ஃபைலில் எழுதிவிட்டார். பழைய டிஸ்க்கை அம்மாவின் பையில் புடவைகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருக்கிறேன்.

செல்வி அக்கா, கஞ்சியில் உப்பு போட்டீர்களா? சிரோசிஸுக்காக அம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

---

காசிமேடு_செல்வி எழுதியது:

உப்பு போடவில்லை தம்பி. சீரகம் கொஞ்சம் பொடித்துப் போட்டு, மோர் ஒரு கரண்டி விட்டுக் கொடுத்தேன், அவர் குடித்தார். அம்மாவுக்கு எது ஆகும் என்று அங்கே டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். புதன்கிழமை காலையில் நான் சர்ச்சுக்குப் போகிறேன், அம்மா பேரைச் சொல்லி அனுப்பு.